ஃபைல் அளவு எம்பி-ல வரணும்

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

சுந்தரம் மாமா: அகிலா, தாத்தா போட்டோவெல்லாம் ஸ்கேன் பண்ணி முடிச்சாச்சு. நீ சொன்ன மாதிரி பவர்ஷெல்லில், அந்தக் கட்டளை அடிக்கிற விண்டோவில, ஃபைல் பட்டியல் தர்ற கெட்-சைல்ட்ஐட்டம் போட்டேன். லிஸ்ட் வருது, ஆனா லெங்த்னு நீளமா ஒரு நம்பர். அது பைட்டாமே. எனக்கு எம்பி-ல வேணும்மா.

அகிலா: மோட், லாஸ்ட்ரைட்டைம், லெங்த், நேம். இந்த நாலைத்தான் காட்டணும்னு முன்னாடியே எழுதி வச்சிருக்காங்க மாமா. ஃபைல்ல இன்னும் நிறைய விவரம் இருக்கு. ஒரு பைப் (|) போட்டு, செலக்ட்-ஆப்ஜெக்ட், அப்புறம் நட்சத்திரக் குறி (*) அடிங்க.

சுந்தரம் மாமா: அடேயப்பா! கிரியேஷன்டைம், எக்ஸ்டென்ஷன், டைரக்டரிநேம்... ஆனா முன்ன டேபிளா வந்துச்சு, இப்ப ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வருதே?

கவின்: நாலு விவரம் வரைக்கும் டேபிள் மாமா. அஞ்சு ஆயிட்டா லிஸ்ட்.

அகிலா: செலக்ட்-ஆப்ஜெக்ட் தர்ற மாதிரி, தனி வியூ (எதை எப்படிக் காட்டணும்ங்கிற குறிப்பு) எழுதி வைக்காததுக்குத்தான் அந்தக் கணக்கு கவின். கெட்-ப்ராசஸ் போட்டுப் பாரு, ஏழெட்டு காலம் (நெடுவரிசை) இருந்தும் டேபிளாத்தான் வரும்.

அகிலா: [படம்: செலக்ட்-ஆப்ஜெக்ட் கட்டளை வரி]

அகிலா: மாமா, இதைப் பார்த்து அடிங்க. அட் குறி, அடுத்து நெளிவு அடைப்பு. உள்ள நேம்ங்கிறது தலைப்பு, எக்ஸ்பிரஷன்ங்கிறது கணக்கு. லெங்த்தை 1எம்பி-யால வகுக்கிறோம். 1எம்பி-ன்னு சேர்த்தே அடிச்சாப் போதும், அது 10,48,576னு பவர்ஷெல்லுக்கே தெரியும். ரவுண்டும் போட்டிருக்கேன், தசமம் ரெண்டு இடத்தோட நின்னுடும்.

வள்ளி அத்தை: கோயில் கொடை போட்டோ கிடைச்சா எனக்கும் அனுப்புங்க

சுந்தரம் மாமா: அனுப்புறேன் வள்ளி. அகிலா, வந்துருச்சும்மா! தலைப்பை "அளவு"ன்னு தமிழ்லயே குடுத்தேன். பார்க்க அழகா இருக்கட்டும்னு ஃபார்மேட்-டேபிள் சேர்த்து, எக்செல்ல திறக்கிற மாதிரி ஃபைலா எழுத எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி பண்ணினா, எக்செல்ல கிளாஸ்ஐடி, ஷேப்னு என்னென்னமோ வருது. போட்டோ பேரே இல்லை.

அகிலா: ஃபார்மேட்னு ஆரம்பிக்கிற கட்டளை திரைக்கு மட்டும்தான் மாமா, அதுவும் கடைசியாத்தான் வரணும். அதைத் தாண்டினா ஃபைல் விவரம் போயிடும், எப்படி வரையணும்ங்கிற குறிப்புதான் மிஞ்சும். எக்செலுக்கு அந்தக் குறிப்புதான் போயிருக்கு. ஃபார்மேட்-டேபிளை எடுத்துட்டு, செலக்ட்-ஆப்ஜெக்ட்ல இருந்து நேரா எக்ஸ்போர்ட் பண்ணுங்க.

சுந்தரம் மாமா: இப்ப பேர் வருது. ஆனா "அளவு" இருந்த இடத்துல ????

அகிலா: விண்டோஸோட வர்ற பவர்ஷெல் 5.1 பதிப்பு சிஎஸ்வி-யை ஆஸ்கியில, அதாவது ஆங்கில எழுத்து மட்டும் உள்ள முறையில எழுதும், தமிழ் நிக்காது. என்கோடிங் யுடிஎஃப்8னு சேர்த்து விடுங்க, அது எல்லா மொழி எழுத்தும் தாங்கும்.

கவின்: என்கிட்ட 7 இருக்கு அக்கா.

அகிலா: அதுல யுடிஎஃப்8பாம்னு குடு, பாம்னா இது யுடிஎஃப்8னு ஃபைல் தொடக்கத்துலயே சொல்ற குறி. வெறும் யுடிஎஃப்8னா எக்செல் திறக்கும்போது தமிழைக் குழப்பிடும்.

சுந்தரம் மாமா: தமிழ் வந்துருச்சு 🙏🏽

கவின்: அக்கா, ஒவ்வொரு தடவையும் இவ்வளவு அடிக்காம எப்பவுமே எம்பி-ல வர வைக்க முடியாதா? எந்தெந்த விவரத்தைக் காட்டணும்னு சொல்ற டிஃபால்ட் டிஸ்ப்ளே ப்ராப்பர்ட்டி செட்டை அப்டேட்-டைப்டேட்டாவில் குடுத்துப் பார்த்தேன், டேபிள் அசையவே இல்லை.

அகிலா: ஃபைலுக்கு ஏற்கெனவே வியூ இருக்கே, அதுதான் முந்தும். நீ குடுத்தது வியூ இல்லாத, நாமளே உருவாக்குற ஆப்ஜெக்ட்டுக்கு நல்லா வேலை செய்யும். ஃபைலுக்கு உன் வியூவை ஒரு ஃபார்மேட் பிஎஸ்1எக்ஸ்எம்எல் ஃபைலா எழுதி, அப்டேட்-ஃபார்மேட்டேட்டாவில் ப்ரிபெண்ட்பாத்னு (முன்னாடி சேர்க்கிறது) ஏத்து. அப்பெண்ட்னு (பின்னாடி சேர்க்கிறது) போட்டா பழையதுதான் முன்னாடி நிக்கும். அந்த வரியை, பவர்ஷெல் திறக்கும்போதெல்லாம் ஓடுற ப்ரொஃபைல் ஃபைல்லயும் சேர்த்துடு, இல்லைன்னா விண்டோவை மூடினதும் போயிடும். 5.1-ஓட வந்த ஃபார்மேட் ஃபைல்ல மட்டும் கை வைக்காதே, அதெல்லாம் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டது.

கவின்: அப்போ அளவுப்படி வரிசைப்படுத்த (சார்ட்) "எம்பி"ன்னு சொல்லலாமா?

அகிலா: கூடாது. வியூவில் இருக்கிறது வெறும் தலைப்பு. உள்ள இன்னும் லெங்த்தான், பைட்டுதான். எதுல என்ன பேர் இருக்குன்னு கெட்-மெம்பர் போட்டுப் பார்த்துக்கோ.

சுந்தரம் மாமா: அகிலா, போட்டோ எந்த வருஷம்னு ஒரு காலம் வைக்க முடியுமா? லாஸ்ட்ரைட்டைம் எல்லாம் இந்த மாசத் தேதியா இருக்கு.

அகிலா: அது ஸ்கேன் பண்ணின தேதி மாமா. ஃபைல் பேரை வருஷத்துல ஆரம்பிங்க. முதல் நாலு எழுத்தை எக்ஸ்பிரஷன்ல வெட்டி எடுத்துக்கலாம்.

சுந்தரம் மாமா: 1968_கோயில்கொடை, இப்படியா?

அகிலா: அதேதான்.

சுந்தரம் மாமா: சரி, பேரை மாத்திட்டு வர்றேன். வள்ளி, உன்னோடது 68ஆ 69ஆ?