யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர்: விண்டோஸ் 11-ல் மஞ்சள் முக்கோணம், காம் போர்ட்டும் வரவில்லை

பிரெட்போர்டு_328

வணக்கம். கணினியிலிருந்து ஏடிமெகா சிப்புக்குள் புரோகிராமை ஏற்றும் கருவி, பத்துப் பின் ரிப்பன் கேபிளோடு வரும் சாதாரண யூஎஸ்பிஏஎஸ்பி குளோன் (நகல்). விண்டோஸ் 11, 64 பிட். செருகினால் போர்டில் எல்இடி எரிகிறது. டிவைஸ் மேனேஜரில் "யூஎஸ்பிஏஎஸ்பி" என்று பெயரும் வருகிறது, ஆனால் மஞ்சள் முக்கோணத்தோடு. ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால் கோட் 28 (டிரைவர் ஏற்றப்படவில்லை).

விற்றவர் கொடுத்த ஜிப்பில் இருந்த, டிரைவரை ஏற்றும் விவரங்கள் கொண்ட ஐஎன்எஃப் ஃபைலைக் காட்டினேன். கேட்டலாக் ஃபைலில் இதன் ஹேஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) இல்லை என்று விண்டோஸ் மறுத்துவிட்டது. ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் செய்து, டிரைவர் கையெழுத்துச் சோதனையை நிறுத்திவிட்டு ஏற்றச் சொல்கிறார்கள். அதைச் செய்யலாமா? ஆர்டுயினோ ஐடிஇ-யின் போர்ட் மெனுவும் காலியாக இருக்கிறது.

புரோகிராம் செய்யவேண்டிய சிப் பிரெட்போர்டில் இருக்கிறது. மேலே ஏடிமெகா328-பியு என்று அச்சடித்திருக்கிறது. புதுச் சிப், கிறிஸ்டல் எதுவும் வைக்கவில்லை.

எட்டுபிட்

போர்ட் மெனு காலியாக இருப்பது சரிதான். யூஎஸ்பிஏஎஸ்பி காம் போர்ட் உண்டாக்கும் கருவியே இல்லை. சிஎச்340, சிபி2102, எஃப்டி232 போன்ற சீரியல் கேபிள்களுக்குத்தான் காம் எண் வரும். இது லிப்யூஎஸ்பி என்ற யூஎஸ்பி நூலகம் வழியாக, சிப்பில் எழுதும் மென்பொருளான ஏவிஆர்டியூட் நேரடியாகப் பேசும் கருவி. போர்ட் எதையும் தேர்ந்தெடுக்காமல் விடுங்கள். டூல்ஸ் மெனுவில் புரோகிராமர் என்ற இடத்தில் யூஎஸ்பிஏஎஸ்பியை வைத்து, ஸ்கெட்ச் மெனுவில் "அப்லோட் யூஸிங் புரோகிராமர்" கொடுக்கவேண்டும். வழக்கமான அப்லோட் பொத்தானை அழுத்தினால் அது போர்ட்டைத்தான் தேடும்.

கையெழுத்துச் சோதனையை நிறுத்துவது விண்டோஸ் 8 காலத்து வழி. இப்போது அதற்கு அவசியமே இல்லை. உங்களுக்கு வந்த பிழைக்குக் காரணம் இதுதான்: கேட்டலாக் ஃபைலில் டிரைவர் பொதியில் உள்ள ஒவ்வொரு ஃபைலின் ஹேஷும் இருக்கும். ஐஎன்எஃப்-ல் யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் ஹேஷ் மாறிவிடும், கையெழுத்து செல்லாது. கடைக்காரர்கள் சுற்றுக்கு விடும் ஜிப்களில் பாதி இப்படித் திருத்தப்பட்டவைதான். அதை அழித்துவிட்டு ஸாடிக் என்ற சிறு மென்பொருளை எடுங்கள். அது புதிதாக ஐஎன்எஃப்-ஐயும் கேட்டலாகையும் எழுதி, உங்கள் கணினியிலேயே ஒரு சான்றிதழ் உண்டாக்கிக் கையெழுத்திட்டு, அந்தச் சான்றிதழை நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடும். உள்ளே இருக்கும் சிஸ் ஃபைலுக்கு (டிரைவரின் உண்மையான நிரல்) ஏற்கெனவே செல்லுபடியான கையெழுத்து உண்டு. அதனால் விண்டோஸ் தடுக்காது.

புரோகிராமரைச் செருகிய பிறகு ஸாடிக்கைத் திறந்து அட்மின் அனுமதி கொடுங்கள். டிரைவர் இல்லாத கருவி என்பதால் யூஎஸ்பிஏஎஸ்பி தானாகப் பட்டியலில் வரும். வராவிட்டால் ஆப்ஷன்ஸில் "லிஸ்ட் ஆல் டிவைசஸ்" டிக் செய்யுங்கள். யூஎஸ்பி ஐடி இருக்கும் கட்டங்களில் 16சி0, 05டிசி என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அம்புக்குறிக்கு வலப்பக்கம் முதலில் வின்யூஎஸ்பி காட்டும். அதன் பக்கத்தில் உள்ள சிறு அம்பால் லிப்யூஎஸ்பி-கே-க்கு மாற்றி, இன்ஸ்டால் கொடுங்கள். முடிந்ததும் கேபிளைக் கழற்றிச் செருகினால் டிவைஸ் மேனேஜரில் "லிப்யூஎஸ்பி-கே யூஎஸ்பி டிவைசஸ்" என்ற தலைப்பின் கீழ் முக்கோணம் இல்லாமல் நிற்கும்.

வின்யூஎஸ்பி ஏன் வேண்டாம் என்றால், ஆர்டுயினோவோடு பல ஆண்டுகள் வந்த ஏவிஆர்டியூட் 6.3 பழைய லிப்யூஎஸ்பி 0.1 முறையில் கட்டப்பட்டது. அதற்கு லிப்யூஎஸ்பி-வின்32 அல்லது லிப்யூஎஸ்பி-கே வேண்டும். வின்யூஎஸ்பி போட்டால் டிவைஸ் மேனேஜரில் எல்லாம் அழகாக இருக்கும், ஏவிஆர்டியூட் மட்டும் கருவியே கிடைக்கவில்லை என்று சொல்லும். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

எச்சரிக்கை ஒன்று: "லிஸ்ட் ஆல் டிவைசஸ்" போட்டால் கீபோர்டு, மவுஸ், புளூடூத் எல்லாம் வரிசையில் நிற்கும். தவறி அதில் ஒன்றுக்கு லிப்யூஎஸ்பி ஏற்றினால் அது உடனே வேலை செய்யாமல் போகும். மீட்க, டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியை அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவரையும் அழிக்கும் பெட்டியை டிக் செய்து, கழற்றி மாட்டவேண்டும்.

ஈயப்பற்று

எட்டுபிட் சொன்னதில் ஐடி பார்க்கும் வேலையை நான் முதலில் வைப்பேன். டிவைஸ் மேனேஜரில் டீடெயில்ஸ் டேப், அதில் ஹார்டுவேர் ஐட்ஸ். கேள்வி கேட்டவருக்குக் கோட் 28-ம் யூஎஸ்பிஏஎஸ்பி என்ற பெயரும் வருவதால் அநேகமாகச் சரியான கருவிதான். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு வேறு இரண்டு நிலைகள் வரலாம்.

03ஈபி, சி8பி4 என்று வந்தால் அது அதே போலத் தோற்றமளிக்கும் வேறு சரக்கு. உள்ளே யூஎஸ்பிஏஎஸ்பி ஃபர்ம்வேரே இல்லை. எச்ஐடி (கீபோர்டு, மவுஸ் வகை) கருவியாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும், முக்கோணமும் வராது, டிரைவரும் கேட்காது, தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளில் மட்டும் ஓடும். ஸாடிக்கில் எத்தனை டிரைவர் மாற்றினாலும் ஏவிஆர்டியூட் அதைக் கண்டுகொள்ளாது. வேறொரு புரோகிராமரால் அதற்குள் யூஎஸ்பிஏஎஸ்பி ஃபர்ம்வேரை ஏற்றுவதுதான் வழி. அதற்கு முன் போர்டில் இருப்பது ஏடிமெகா8-ஆ 88-ஆ என்று பாருங்கள், இரண்டுக்கும் ஹெக்ஸ் ஃபைல் வேறு.

கோட் 43, "டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்" என்று வந்தால் டிரைவரைத் தொடவே வேண்டாம். கணினிக்கு அது என்ன கருவி என்றே தெரியவில்லை, பிறகு எந்த டிரைவரை ஏற்றுவது? தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்த யூஎஸ்பிஏஎஸ்பியில் யூஎஸ்பிக்கென்று தனிச் சிப் கிடையாது. 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா, வி-யூஎஸ்பி என்ற மென்பொருளால் 1.5 மெகாபிட் லோ-ஸ்பீடு சிக்னலைத் தானே உண்டாக்குகிறது. டி பிளஸ், டி மைனஸ் கம்பிகளில் 3.6 வோல்ட் ஸீனர் டையோடுகள் இருக்கவேண்டும். மலிவு போர்டுகளில் இவை தரம் குறைந்தவையாக இருந்தாலோ சால்டர் சரியாகப் பிடிக்காவிட்டாலோ இந்தப் பிழை வரும். யூஎஸ்பி 3 போர்ட்டில் அடம்பிடிப்பது சில சமயம் யூஎஸ்பி 2 ஹப் வழியாக மாட்டினால் பேசும். டிரைவரைத் தேடி அலையும் முன் இதைச் செய்து பாருங்கள்.

பிரெட்போர்டு_328

நன்றி எட்டுபிட், நன்றி ஈயப்பற்று. ஐடி 16சி0, 05டிசிதான். லிப்யூஎஸ்பி-கே ஏற்றினேன், முக்கோணம் போய்விட்டது. இப்போது ஏவிஆர்டியூட் இரண்டு செய்தி காட்டுகிறது. ஒன்று, "எஸ்சிகே பீரியட் வைக்க முடியவில்லை, யூஎஸ்பிஏஎஸ்பி ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா பாருங்கள்" என்ற எச்சரிக்கை. அடுத்து "டார்கெட் பதில் தரவில்லை", ஆர்சி மைனஸ் 1. டிரைவரை மாற்றி லிப்யூஎஸ்பி-வின்32 போட்டுப் பார்க்கட்டுமா?

எட்டுபிட்

வேண்டாம். டிரைவர் வேலை முடிந்துவிட்டது. அந்த எச்சரிக்கையை அனுப்பக்கூடக் கணினியும் புரோகிராமரும் பேசியாகவேண்டும். "கருவி கிடைக்கவில்லை" என்றால்தான் டிரைவர் பக்கம். "டார்கெட் பதில் தரவில்லை" என்றால் ரிப்பன் கேபிளுக்கு அந்தப் பக்கம், அதாவது சிப் பக்கம்.

புதுச் சிப் உள் ஆசிலேட்டர் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி வரும். எஸ்பிஐ புரோகிராமிங்கில் (புரோகிராமர் சிப்போடு பேசும் முறை) எஸ்சிகே வேகம், அதாவது கிளாக் கம்பியின் வேகம், சிப்பின் வேகத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கவேண்டும், அதாவது உங்களுக்கு 250 கிலோஹெர்ட்ஸுக்குள். யூஎஸ்பிஏஎஸ்பி தானாக எடுத்துக்கொள்வது 375 கிலோஹெர்ட்ஸ். சிப்பால் பிடித்துக்கொள்ள முடியாது.

ஃபர்ம்வேர் புதியதாக இருந்தால் ஏவிஆர்டியூட்டில் பெரிய எழுத்து பி (B) ஆப்ஷனுக்கு 10 கொடுத்தால் போதும். வேகம் 100 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். உங்கள் போர்டில் அது பலிக்காது, ஏனென்றால் அந்த எச்சரிக்கையே "வேகத்தை மாற்றும் கட்டளை எனக்குத் தெரியாது" என்றுதான் சொல்கிறது. வேகமான சிப்போடு வேலை செய்யும்போது அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம், இங்கே விட முடியாது. ஆகவே ஜேபி3 ஜம்பரை இணையுங்கள். எஸ்சிகே 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். குளோன்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் இரண்டு துளை மட்டும் இருக்கும், ஒரு துண்டு வயரைச் சால்டர் செய்தால் போதும். ஜேபி2-ஐத் தொடாதீர்கள். அது புரோகிராமரின் சொந்த ஃபர்ம்வேரை மாற்றுவதற்கு.

ஈயப்பற்று

ஜம்பருக்கு முன் வயரிங்கையும் ஒருமுறை சரிபாருங்கள். பத்துப் பின் கனெக்டரில் 1 மோசி, 2 விசிசி, 5 ரீசெட், 7 எஸ்சிகே, 9 மிசோ, 10 கிரவுண்ட். டிப் (இரண்டு வரிசைக் கால்கள் உள்ள) சிப்பில் இவை வரிசையாக 17, 7, 1, 19, 18, 8. ஏவிசிசி ஆன 20-ஐ விசிசியோடும், 22-ஐக் கிரவுண்டோடும் சேர்க்க மறக்கவேண்டாம். 7-க்கும் 8-க்கும் நடுவே 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று.

3.3 வோல்ட் சென்சார் ஏதாவது அதே போர்டில் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஜேபி1-ஐ 3.3-க்கு மாற்றினாலும் பல குளோன்களில் விசிசி மட்டும்தான் மாறும், சிக்னல் கம்பிகள் 5 வோல்ட்டிலேயே இருக்கும்.

பெங்குவின்

லினக்ஸில் இருப்பவர்களுக்கு: டிரைவர் எதுவும் தேவையில்லை. எல்எஸ்யூஎஸ்பி கொடுத்தால் 16சி0:05டிசி வரிசை தெரியும். சூடோவோடு ஓடி, சூடோ இல்லாமல் ஓடவில்லை என்றால் அனுமதிதான் பிரச்சினை. கருவிகளுக்கு அனுமதி தரும் யூடெவ் ரூல்ஸ் ஃபோல்டரில் அந்த ஐடிக்கு மோட் 0666 கொடுத்து ஒரே ஒரு வரி எழுதி, ரூல்ஸை ரீலோட் செய்து கேபிளை மறுபடி செருகுங்கள். டயல்அவுட் குழுவில் சேர்வது சீரியல் கேபிள்களுக்கு உதவும், இதற்கு உதவாது.

பிரெட்போர்டு_328

ஜேபி3-ஐ இணைத்ததும் சிப் பதில் சொல்கிறது. சிக்னேச்சர் (சிப்பின் வகையைச் சொல்லும் எண்) 1ஈ 95 14. ஆனால் ஏடிமெகா328பி-க்கு 1ஈ 95 0எஃப் வரவேண்டும் என்று நின்றுவிட்டது. போலிச் சிப்பா? பெரிய எழுத்து எஃப் ஆப்ஷன் கொடுத்தால் சோதனையைத் தாண்டலாம் என்கிறார்கள். "பர்ன் பூட்லோடர்" கொடுத்தால் சரியாகுமா?

எட்டுபிட்

போலி இல்லை. நீங்கள் முதலிலேயே எழுதியிருக்கிறீர்கள், 328-பியு என்று. அந்த "பியு" டிப் பேக்கேஜைக் குறிப்பது. 328பி என்றால் 328பி-பியு என்று அச்சாகியிருக்கும். உங்களிடம் இருப்பது பி (P) இல்லாத ஏடிமெகா328, அதன் சிக்னேச்சர் 1ஈ 95 14-தான். ஃப்ளாஷ், ராம், பின் வரிசை எல்லாம் ஒன்றே.

எஃப் ஆப்ஷனைப் பழக்கமாக்காதீர்கள். வயர் லூசாகி 00 00 00 வரும்போதும் அது கண்ணை மூடிக்கொண்டு எழுதும். ஐடிஇ-யில் இந்தச் சிப்களுக்கான மினிகோர் போர்டு பொதியைச் சேர்த்து, போர்டு ஏடிமெகா328, வேரியண்ட்டில் பி இல்லாத 328, கிளாக் இன்டர்னல் 8 மெகாஹெர்ட்ஸ், பூட்லோடர் "இல்லை" என்று வையுங்கள். பிறகு "பர்ன் பூட்லோடர்" கொடுங்கள். பூட்லோடர் எதுவும் ஏறாது, ஃபியூஸ்கள் (கிளாக் போன்றவற்றைத் தீர்மானிக்கும் அமைப்பு பிட்கள்) மட்டும் அமையும். ஊனோ போர்டைத் தேர்ந்தெடுத்து அதே பொத்தானை அழுத்தினால் ஃபியூஸ் வெளி 16 மெகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடும். கிறிஸ்டல் இல்லாத உங்கள் சிப் அதன் பிறகு, 9, 10 பின்களில் கிறிஸ்டலும் இரண்டு 22 பிகோஃபேரட் கெப்பாசிட்டரும் வைக்கும் வரை யாருக்கும் பதில் சொல்லாது.

ஃபியூஸ் அமைந்து சிப் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடத் தொடங்கியதும் ஜேபி3-ஐத் திறந்துவிடுங்கள். 8 கிலோஹெர்ட்ஸில் 30 கேபி எழுதி, சரிபார்த்து முடிக்க நிமிடக்கணக்கில் ஆகும்.