ஆலப்புழையில் ராத்திரி ஹவுஸ்போட் தேவையா?

செல்வி, அல்சூர்:
கிறிஸ்துமஸ் லீவுக்கு அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆலப்புழை போகிறோம். வீட்டுக்காரருக்கு ஒரு ராத்திரியாவது ஹவுஸ்போட்டில் தங்க ஆசை. அந்தப் பணத்துக்கு ஊருக்குள் ரெண்டு நாள் தங்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

முருகன், கே.ஆர்.புரம்:
ராத்திரி வேண்டாம் அக்கா. சாயங்காலம் ஐந்தரை வாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். அதற்கு மேல் மீனவர்கள் வலை போடும் நேரம். காலையில்தான் மறுபடி எடுப்பார்கள். இடையில் ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரபீக், சிவாஜிநகர்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வயசானவர்களுக்கு அதைவிட வசதி எது? ஏறி உட்கார்ந்தால் சாப்பாடு, கட்டில், பாத்ரூம் எல்லாம் பத்தடிக்குள். கரிமீனுக்கு மசாலா தடவி, வாழையிலையில் மடித்து, கல்லில் சுட்டுச் சூடாகக் கொண்டுவந்து வைப்பார்கள். வெளியே ஒரு அம்மா கரைப்படியில் உட்கார்ந்து பாத்திரம் கழுவுவார், பிள்ளைகள் வள்ளத்தில் பள்ளிக்கூடம் போவார்கள். எங்கள் அத்தா அதைப் பார்த்துக்கொண்டே பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது ஹவுஸ்போட்டாக ஓடும் கெட்டுவள்ளம் என்பது ஆணியில்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டுவது. ஒரு காலத்தில் நெல் ஏற்றிப் போன படகுகள் அவை. ரோடும் லாரியும் வந்ததும் சும்மா கிடந்தன. தொண்ணூறுகளில் ஹவுஸ்போட் தொழில் வந்ததால்தான் அந்தக் கைவேலை பிழைத்தது.

முருகன், கே.ஆர்.புரம்:
நீங்கள் சொன்னதெல்லாம் பகலில் கிடைப்பதுதானே ரபீக் பாய்! என் கவலை தண்ணீரைப் பற்றி. ஆலப்புழையைச் சுற்றியுள்ள குட்டநாட்டு வயல்கள் பல கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. உப்புத்தண்ணீர் ஏறி நெல்லைக் கெடுக்கக் கூடாதென்று தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். டிசம்பர் வாக்கில் ஷட்டரை இறக்கினால் கோடையில்தான் தூக்குவார்கள். அதுவரை அணைக்குத் தெற்கே காயல் தேங்கித்தான் கிடக்கும், கடல்தண்ணீர் வந்து அலசிவிடாது. உப்பு ஏறினால் கருகிப்போகும் ஆகாயத்தாமரை அப்போது மண்டிவிடுகிறது. சுற்றுலாக் கூட்டம் குவிவதும் அதே மாதங்களில்தான். டீசலும் கழிவும் எங்கே போகும்? வேம்பநாட்டுக் காயல் 2002-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதற்காவது நாம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா?

ரபீக், சிவாஜிநகர்:
கழிவுத் தொட்டியும் லைசென்ஸும் உள்ள படகாகக் கேட்டு எடுக்கலாமே? ஒழுங்காக நடத்துபவர் வயிற்றில் ஏன் அடிக்க வேண்டும்?

மீனா, ஒயிட்ஃபீல்டு:
ராத்திரி பெங்களூரில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் ஏறி, காலையில் கோட்டயத்தில் இறங்குங்கள். கோடிமதா துறையிலிருந்து ஆலப்புழைக்கு அரசுப் படகு உண்டு. காயல் வழியாக ரெண்டரை மணி நேரம், டிக்கெட் பஸ் மாதிரி மலிவு. நேரத்தை மட்டும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ரூம் பீச் பக்கம் போடுங்கள். 1862-ல் கட்டிய கடற்பாலத்தின் தூண்கள்தான் இப்போது மிச்சம். அதற்குப் பின்னால் சூரியன் கடலுக்குள் இறங்குவதை மெரினாவில் நின்று பார்க்க முடியாது!

ரபீக், சிவாஜிநகர்:
முழங்கால் வலியோடு கூட்டத்தில் அரசுப் படகில் ஏறி, ரெண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொல்கிறீர்களா? அவருக்கு நடுவில் படுக்கத் தோன்றினால்?

செல்வி, அல்சூர்:
அம்மாவையே கேட்டேன். ராத்திரி தண்ணீர் மேல் தூக்கம் வராது, பகலில் படுக்க ஒரு கட்டில் இருந்தால் போதும் என்றார். ஹவுஸ்போட்டைப் பகலுக்கு மட்டும் எடுக்கிறோம். கழிவுத் தொட்டி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ். ராத்திரிக்கு பீச் பக்கம் ரூம். வீட்டுக்காரர் இன்னும் சமாதானமாகவில்லை, ரபீக் அண்ணன் எழுதியதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்.