நேபாள மலைக்கிராமத்தில் 3 மாதம்: தங்கும் வீட்டில் எதில் சறுக்குவோம்?

பனித்துளி24:
லம்ஜுங் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். சம்பளம் கிடையாது. மார்ச் நடுவில் போய் ஜூன் நடுவில் திரும்புவதாக இருக்கிறேன். ஊரிலேயே ஒரு குரூங் (அங்குள்ள மலைவாழ் இனம்) குடும்பத்தோடு தங்க ஏற்பாடு. நான் பெண், தனியாகப் போகிறேன். சுத்த சைவம், முட்டையும் ஆகாது. இந்தி அரைகுறை. சாப்பாடு, குளியல், பணம் விஷயத்தில் முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும்?

படிக்கட்டு:
வீட்டு விஷயத்துக்கு முன்னால் தேதியை மாற்றுங்கள். அங்கே கல்வியாண்டு நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, வைசாக மாதத்தில் தொடங்குகிறது. நீங்கள் போகும் மார்ச் நடு என்பது சைத்ர மாதம், ஆண்டுத் தேர்வு நேரம். அதற்குப் பிறகு விடைத்தாள் திருத்தம், சேர்க்கை என்று நாள் போகும். மூன்று மாதத்தில் ஒரு மாதம் சும்மா உட்கார வேண்டிவரும். வீட்டில் பகல் முழுக்க வேலையில்லாமல் ஒரு விருந்தாளி இருந்தால் இரண்டு பக்கமும் சங்கடம்தான். ஏப்ரல் கடைசியில் போய் ஜூலை நடுவில் திரும்புவது நல்லது. ஜூன் கடைசியில் அசார் 15, நாற்று நடும் நாள். உங்களையும் சேற்றில் இறக்குவார்கள், மாற்றுத்துணி இருக்கட்டும். மழை தொடங்கிவிட்டால் அட்டைக்கடி உண்டு. உயரமான காலுறையும் ஒரு பொட்டலம் உப்பும் போதும்.

பள்ளியில் தேதி சொன்னால் அது விக்ரம சம்வத் (நேபாள நாட்காட்டி) தேதியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வார விடுமுறை சனிக்கிழமை, ஞாயிறு வேலைநாளா என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால், கடிகாரத்தை அப்படித் தள்ளுங்கள்.

அடுக்களைப்பூனை:
சாப்பாடுதான் பெரிய விஷயம். விடிந்ததும் டீ. காலை ஒன்பது பத்து மணிக்கே முழுச் சோறு: பருப்பு, சோறு, கறிகாய், கொஞ்சம் அச்சார் (ஊறுகாய்). பிற்பகல் ஏதாவது நொறுக்கு, இரவு ஏழு எட்டுக்கு மறுபடி அதே சோறு. மதியச் சாப்பாடு என்று தனியாக இல்லை. பத்து மணிக்குக் கொறித்துவிட்டுப் போனால் நான்கு மணிக்குத் தலை சுற்றும்.

தட்டு காலியானால் கேட்காமலே போடுவார்கள். சோறு மலைபோல் வரும், விட்டால் வருத்தப்படுவார்கள். அதனால் முதலிலேயே "அலிகதி" (கொஞ்சம்) என்று சொல்லி, இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளுங்கள். போதும் என்றால் "புக்யோ" என்று சொல்லித் தட்டுக்கு மேலே கையை விரித்து மறைக்க வேண்டும். வாயால் மட்டும் சொன்னால் உபசாரத்துக்குச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

எச்சில் கணக்கு நம் பாட்டி வீட்டுக் கணக்கேதான். அவர்கள் சொல் "ஜூடோ". சாப்பிட்ட கையால் பொதுக் கரண்டியைத் தொடக்கூடாது, சொம்பில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்க வேண்டும், உங்கள் தட்டிலிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. அடுப்பில் குப்பை, டிஷ்யூ எதையும் போடாதீர்கள், அடுப்புத் தீயைப் புனிதமாக நினைப்பவர்கள் பலர்.

சைவம் என்பதைப் போய்ச் சேர்ந்த அன்றே சொல்லிவிடுங்கள்: "ம மாசு கான்ன, அண்டா பனி கான்ன." (அண்டா என்றால் முட்டை, நம் அண்டா இல்லை!) தாமதித்தால் விருந்தாளிக்கென்று கோழி அறுத்துவிடுவார்கள், அப்புறம் மறுப்பது கஷ்டம். குரூங் வீடுகளில் வீட்டுச் சாராயமும் நீட்டுவார்கள். சிரித்துக்கொண்டே தம்ளரை மூடினால் போதும், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

"தாத்தோ பானி" என்றால் சுடுதண்ணீர் மட்டுமே, கொதித்ததாக இருக்க வேண்டியதில்லை. குடிக்க "உமாலேகோ பானி" என்று கேளுங்கள். குமிழ் விட்டு ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும், 2000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம். விறகு அவர்கள் சுமந்து வருவது. ஒரு நாளைக்குத் தேவையானதை ஒரே தடவை காய்ச்சி வாங்கிக்கொள்ளுங்கள். குளோரின் மாத்திரையும் கையில் இருக்கட்டும்.

கூடலூர்க்காரி:
குளியல் பல ஊர்களில் பொதுக்குழாயடியில். உள்பாவாடையை மார்புக்கு மேலே கட்டிக்கொண்டு குளிப்பார்கள், அதற்கு ஒன்று தனியாக எடுத்துப் போங்கள். கழிவறை ("சர்ப்பி") வீட்டுக்கு வெளியே இருக்கும், இரவுக்குத் தலையில் மாட்டும் டார்ச் அவசியம். ஏப்ரலிலும் ராக்குளிர் உண்டு. "சிரக்" என்ற தடித்த பஞ்சுப் போர்வை தருவார்கள், உள்ளே விரிக்க ஒரு பருத்திப் போர்வை கொண்டுபோனால் துவைக்க எளிது.

மாதவிலக்கு: பாகுன் (பிராமணர்), சேத்ரி (சத்திரியர்) வீடுகளில் அந்த நாட்களில் அடுக்களை, பூஜையிடம் போகாத பழக்கம் இன்னும் உண்டு. குரூங் வீடுகளில் பொதுவாக அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனாலும் வீட்டு அம்மாவிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். குப்பை வண்டி வராது, நாப்கினை என்ன செய்வது என்பதையும் அப்போதே கேளுங்கள். மாதவிலக்குக் கப் பழக்கம் இருந்தால் நிம்மதி.

பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வீட்டு அம்மா "ஆமா", அப்பா "புவா", மூத்த பெண் "தீதி", மூத்த ஆண் "தாய்". ஆமாம், தாய் என்றால் அண்ணன்! எல்லோரையும் "தபாய்" (நீங்கள்) என்றே பேசுங்கள்.

பனித்துளி24:
மிக்க நன்றி. பணம் யார் கையில் கொடுப்பது? பள்ளி "பார்த்துக்கொள்ளலாம்" என்கிறது.

படிக்கட்டு:
அந்த "பார்த்துக்கொள்ளலாம்" தான் பிறகு மனஸ்தாபமாகும். மாதம் எவ்வளவு, எத்தனை வேளை, நீங்கள் ஊரில் இல்லாத நாட்களுக்குக் கழிவு உண்டா, இவற்றைப் போகும் முன் எழுத்தில் வாங்குங்கள். இடைத்தரகர் இருந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு போகிறது என்று நேராகக் கேளுங்கள். நீங்கள் நிறையக் கட்டியிருப்பீர்கள், அவர்களுக்குக் கொஞ்சம்தான் போயிருக்கும், சுடுதண்ணீர் கேட்கும்போது முகம் மாறுவது அதனால்தான். நேரில் கொடுப்பதானால் மாத ஆரம்பத்தில், உறையில், வலது கையால், இடது கையை வலது முழங்கையில் தொட்டபடி ஆமாவிடம்.

100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், விகிதம் நிலையானது. கிராமத்தில் ஏடிஎம்மை நம்பாமல் மாவட்டத் தலைநகரான பேசிசஹரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய நோட்டு என்றால் நூறு ரூபாய்த் தாளாக வைத்திருங்கள். விசா வேண்டாம், பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். சிம் வாங்க அதன் நகலும் ஒரு புகைப்படமும் கேட்பார்கள்.

அடுக்களைப்பூனை:
பரிசாக விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். கடலைமிட்டாய், முறுக்கு போதும். வாங்கி ஓரமாக வைத்துவிட்டால் பிடிக்கவில்லை என்று எண்ண வேண்டாம், கொடுத்தவர் முன்னால் பிரிப்பது அங்கே வழக்கமில்லை.