கப்பல் டூர்ல மாயன் கோவில் (மெக்சிகோ, பெலீஸ் பக்கம் மாயன் மக்கள் அந்தக் காலத்துல கட்டினது) போனவங்க, உங்க அனுபவத்தைப் போடுங்க

ஹூஸ்டன்வாசி:
டெக்சாஸ் கால்வஸ்டன்ல ஏறுற வழக்கமான மேற்குக் கரீபியன் ரூட்தான். பெலீஸ் சிட்டியில பெரிய கப்பல் கரைக்கு வராது. சின்ன போட்ல மாத்தி ஏத்தி, சட்டையில நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, பஸ்ல அல்தூன் ஹாங்கிற மாயன் இடத்துக்கு. அதெல்லாம் விடுங்க. ஒரு கோவில் முன்னாடி நின்னு கைடு சொன்னார்: 1968ல இங்க ஒரு கல்லறையிலதான் சூரியக் கடவுளோட ஜேட் (பச்சைக் கல்) தலை கிடைச்சுதாம். ஒரே கல், கிட்டத்தட்ட நாலரை கிலோ. சொல்லிட்டு பர்ஸ்லேர்ந்து ஒரு பெலீஸ் டாலர் நோட்டை எடுத்தார். ஓரம் கிழிஞ்சு டேப் ஒட்டின நோட்டு. அதுல இருந்த அந்தத் தலையைக் கட்டைவிரலால தடவிக் காட்டி, "நான் பார்த்தது இதைத்தான். அசலை இன்னும் பார்க்கலை"ன்னார். அதுக்குள்ள பாதி கூட்டம் அந்த நாட்டு பெலிகின் பீர் வாங்கப் போயிடுச்சு. (அந்த லேபிள்லயும் இதே கோவில்தான்!) அவர் நோட்டை நாலா மடிச்சு உள்ள வச்சுக்கிட்டார். ஏன்னு தெரியல, இன்னும் அதுவே ஓடுது.

மதுரைக்காரி:
நாங்க துலும். கப்பல் நிக்கிறது கொசுமெல் தீவுல, துலும் எதிர்க்கரையில. ஃபெர்ரியில முக்கால் மணி நேரம், அப்புறம் பஸ். அன்னைக்கு அலைன்னா அலை. ஊழியர் ஒருத்தர் வரிசையா விபூதி கொடுக்கிற மாதிரி பிளாஸ்டிக் பை கொடுத்துட்டே வந்தார். எங்க மாமியார் மட்டும் அசராம வேர்க்கடலை கொறிச்சிட்டு இருந்தாங்க. மூணு பக்கம் மதில், நாலாவது பக்கம் கடல், அருமையான இடம். ஒரு வாசலுக்கு மேல தலை கீழயும் கால் மேலயுமா ஒரு சாமி. அத்தை உடனே கையெடுத்துட்டு, "என்ன சாமின்னு கேளு"ன்னாங்க. தேனீக் கடவுள்னு சிலர், வெள்ளி கிரகம்னு சிலர் சொல்றாங்கன்னு கைடு இழுத்தார். "முடிவு பண்ணிட்டுச் சொல்லச் சொல்லு, அப்புறம் வேண்டிக்கிறேன்."

சோழநாடன்:
துலும்ல கடல்தான் அழகு, கட்டடம் சுமார். நான் சிச்சென் இட்சா. 2006லேர்ந்து பிரமிடு மேல ஏற விடறதில்ல. கீழ நின்னு கைதட்டணும். எல்லா குரூப்பும் மாத்தி மாத்தித் தட்டிக்கிட்டு ஒரே இரைச்சல். எங்க கைடு எல்லாரையும் அடக்கிட்டு ஒரே ஒரு தட்டு தட்டினார். மேலேர்ந்து 'கீய்ய்வ்'னு ஒரு பறவை கத்தல் இறங்கி வந்துது. கெட்சால் பறவைக் குரலாம். கை மயிரெல்லாம் நின்னுடுச்சு. மத்தபடி 216 அடி தஞ்சாவூர் விமானத்தைப் பார்த்த கண்ணுக்கு 30 மீட்டர் பெருசாத் தெரியல.

ஸ்காபரோ பெடியன்:
சோழநாடன் அண்ணை, அந்த மாயன் ஆக்களிட்ட இரும்பு உளியும் இல்லை, பாரம் இழுக்க மாடும் இல்லை. உங்கட ராஜராஜனிட்ட ரெண்டும் இருந்தது. அடிக்கணக்குப் போட முதல் அதையும் போடுங்கோ.

நாங்கள் பெலீஸில லமனாய் போனனாங்கள், ஆத்தில படகிலதான். முகமூடிக் கோயில்ல ரெண்டு ஆள் உயரத்துக்கு முகம், எல்லாரும் பக்கத்தில நிண்டு படம் எடுக்கினம். பிறகுதான் கைட் சொல்லுறார், வெளியில தெரியிறது ஃபைபர்கிளாஸ், அசல் முகம் பின்னுக்குப் பத்திரமா இருக்கெண்டு. என்ர மகள் உடன ஓடிப்போய் மூக்கில தட்டிப் பாத்தாள். டொக் எண்டு சத்தம். அவளுக்குச் சிரிப்பு, எனக்கு என்னவோ போல இருந்தது.

கணக்குப்பிள்ளை:
கோஸ்டா மாயா துறைமுகத்தில் இறங்கி சக்சோபென் கோவிலுக்குப் போனேன். நல்ல இடம், செம மழை. புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கப்பல் கம்பெனி விற்கிற டூரில் போனால் பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். வெளியே மலிவாகப் பிடித்தால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். போன் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். கொசுமெல், கோஸ்டா மாயா இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015 முதல் தனி நேர மண்டலம், கப்பல் கடிகாரத்தோடு ஒரு மணி நேரம் வித்தியாசம் வரலாம். கொசுமெலிலிருந்து சிச்சென் இட்சா என்றால் நாளில் பெரும்பகுதி சாலையில்தான், உள்ளே கிடைப்பது கொஞ்ச நேரம்; குழந்தைகள் இருந்தால் வேண்டாம். கொசு மருந்து, தொப்பி, கைடுக்குக் கொடுக்கச் சில்லறை டாலர் நோட்டு. செருப்பு வேண்டாம், ஷூ. பாஸ்போர்ட் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். ஏறிப் பார்க்க ஆசையென்றால் பெலீஸ் பக்கம் போங்கள், அல்தூன் ஹாவில் ஏற விடுகிறார்கள்.

மதுரைக்காரி:
சார், டிப்ஸ் யார் கேட்டா? சக்சோபென்ல என்ன பார்த்தீங்கன்னு ஒரு வரிகூட இல்லையே.

கணக்குப்பிள்ளை:
கல்லில் பழைய சிவப்புச் சாயம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நனையாமல் குடை பிடித்துக் காட்டினார் கைடு, தன் தலை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல். குனிந்து பார்ப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டான்.