மைதானத்துத் தடுப்புச் சுவர் வசூல்: பணம் அனுப்புவதற்கு முன் சில வார்த்தைகள்

பெரியவர்களுக்கும் உடன்பிறப்புகளுக்கும் வணக்கம்.

திருவிழாவுக்கு ஊர் போய் வந்த கோவைச் சின்னம்மாவின் மடலையும், அதற்கு மறுநாளே துபாய் அண்ணன் அனுப்பிய வசூல் அறிவிப்பையும் படித்தேன். மைதானத்தின் பள்ளத்துப் பக்கம் கோல் கம்பத்துக்கு அருகில்வரை மண் இறங்கிவிட்டதென்றும், மேல் மூலையில் யாரோ சுண்ணாம்பு பூசிய கல் ஒன்றை நட்டிருக்கிறார்களென்றும் சின்னம்மா எழுதியிருந்தார். அண்ணன் முதல் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆளுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் போட்டு கான்கிரீட் சுவர் எழுப்பி, அதில் நம் கால்பந்து அணியின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்கிறார். எனக்கு இரண்டாவது செய்திதான் கவலை தருகிறது. அந்தக் கல் யார் நட்டது என்று தெரிவதற்கு முன் ஒரு மூட்டை சிமெண்டுக்குக்கூடப் பணம் போகக் கூடாது என்பது என் கருத்து. மைதானம் தாத்தாக்கள் வாங்கிப்போட்ட சொத்து என்று இந்தக் குழுவில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருப்பதால், அது நம் கைக்கு வந்த விதத்தை முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது இலங்கையிலிருந்து இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா ஒப்புக்கொண்டது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, குடும்ப அட்டையும் தகரப் பெட்டியுமாக நீலகிரியின் பந்தலூர் மலைக்கு வந்தவர்கள் நம் முன்னோர். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் அரசு வனத்துறை நிலத்தில் தேயிலை நடத் தொடங்கியது. 1976 முதல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக இயங்குகிறது. அதாவது நிலம் வனத்துறையுடையது, தேயிலை கழகத்துடையது, லயம் என்று நாம் சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகூட வேலையில் இருக்கும் வரைதான் நமக்கு. மைதானம் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. தேயிலை நாற்று மேடையை வேறு மலைக்கு மாற்றிய பிறகு சும்மா கிடந்த இடத்தை, அன்றைய பேர் பதிவு முடிந்து, பறித்த கொழுந்தையும் எடை போட்டபின் ஆண்கள் வெட்டிச் சமன் செய்தார்கள். வெட்டிய மண்ணைக் கூடையில் சுமந்து பள்ளத்துப் பக்கம் கொட்டியவர்கள் பெண்கள். அப்போதிருந்த மேலாளர் "விளையாடிக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொன்னார், அவ்வளவுதான். காகிதம் எதுவும் இல்லை. அணியின் பழைய நோட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பந்து தைத்த கூலி உண்டு, பிளாடருக்கு ஒட்டுப்போட்ட செலவு உண்டு, நிலத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

இலங்கையின் அட்டனிலிருந்து வந்தவர்கள் மேல் லயத்திலும் பதுளையிலிருந்து வந்தவர்கள் கீழ் லயத்திலும் குடியேறினார்கள் என்பதும், முதலில் இரண்டு அணிகள் இருந்தன என்பதும் மூத்தவர்களுக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கிய பிறகும் நிறத்தில் யாரும் விட்டுக்கொடுக்காததால்தான் நம் சட்டையில் ஒரு கை நீலமாகவும் மறு கை பச்சையாகவும் இருக்கிறது. ஆட்டம் இருக்கும் நாளில் மதியத்தோடு வேலையை விட்டவர்களுக்கு அரைப்பேர்தான் விழும். அந்த அரைநாள் கூலியை இழந்து ஆடியவர்களின் பிள்ளைகள் நாம். பெருமை என்று அண்ணன் சொல்வது இதுவென்றால் எனக்கும் அது உண்டு. ஆனால் சுவரில் எழுதுவதாக இருந்தால் பெயர்ப்பட்டியலில் கூடை சுமந்த கிழவிகள்தான் முதலில் வர வேண்டும். அண்ணன் அனுப்பிய வரைபடத்தில் அவர்களுக்கு இடமில்லை.

பணம் உள்ளே வந்தது செவன்ஸ் என்னும் எழுவர் ஆட்டத்தோடுதான். நாடுகாணிச் சுரம் இறங்கினால் நிலம்பூர், அதைத் தாண்டினால் மஞ்சேரி. மழைக்காலம் முடிந்ததும் மலப்புறம் மாவட்டம் முழுவதும் எழுவர் ஆட்டம் நடக்கும் நாட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் பதினொருவர் ஆட்டத்தையே பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்பது சரிதான். நம் மைதானத்தின் அகலத்துக்கும் செவன்ஸ்தான் பொருந்தும். ஆனால் அங்கே ஆப்பிரிக்காவிலிருந்துகூட ஆட்டக்காரர்களை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி அழைத்து வருவதைப் பார்த்து, நாமும் வெளியாட்களைக் கூலிக்குப் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து ஊர்ப் பையன்கள் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். கடைசியாக நாம் நடத்திய போட்டியின் நுழைவுக் கட்டணம் எவ்வளவு வசூலானது, மூங்கில் கேலரிக்கு எவ்வளவு, ஜெனரேட்டருக்கு எவ்வளவு, வெளியாட்களுக்கு எவ்வளவு என்று நான் கேட்டதற்கு இன்றுவரை வந்த ஒரே பதில், "பந்தைத் தொடாதவனுக்குக் கணக்கு எதற்கு" என்பது. நான் ஆடியதில்லை. கணக்கப்பிள்ளை வீட்டில் பிறந்தவன் கணக்குக் கேட்பான். அணிக்கு நுழைவுத் தொகை கட்ட முடியாமல் நின்ற ஆண்டில் எங்கள் அம்மாவின் கம்மல் எங்கே போனது, யார் மீட்டது என்பதை இங்கே எழுதுவதாக இல்லை. அண்ணனுக்குத் தெரியும், அது போதும்.

இனி அந்தக் கல். கழகத்தின் நட்டம் காரணமாக 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022இல் அரசு ஆணையிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். நம் மலைகளில் எத்தனையோ தேயிலை நிரைகள் அதற்கு முன்பே கவ்வாத்து வெட்ட (கிளை நறுக்க) ஆளில்லாமல் மரமாகிவிட்டன. கல் வனத்துறையின் எல்லைக் கல்லாக இருந்து, மைதானம் அதற்கு உட்புறம் இருக்குமானால், 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் அங்கே சுவர் கட்ட முடியாது. கட்டினால் சுவர் போவது மட்டுமல்லாமல், இத்தனை காலம் யாரும் கேட்காமல் விட்டிருந்த ஆட்டமும் கேள்விக்குள்ளாகும். தவிர, ஜேசிபி கொண்டு மண் வெட்டுவதற்கே நீலகிரியில் ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஊரில் இருக்கும் மாமா தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு வனத்துறைக்கு ஒரு விண்ணப்பம் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். பதினைந்தாயிரத்தைக் கேட்பதற்கு முன் இந்தப் பத்து ரூபாயைச் செலவழிக்கலாம்.

சுவரே வேண்டும் என்றாலும் அண்ணன் சொல்லும் சுவர் உதவாது. பள்ளத்துப் பக்கம் இருப்பது பாறையல்ல, நம் பாட்டிமார் கொட்டிய தளர்ந்த மண். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேவாலா, பந்தலூர்ப் பக்கம் பெய்யும் மழை அதற்குள் இறங்கித் தேங்கும். தேங்கிய நீர் தள்ளும் தள்ளலில்தான் சுவர்கள் வயிறு முன்தள்ளிச் சாய்கின்றன. நீர் வடியும் துளைகளும், பின்புறம் ஜல்லி நிரப்பலும் இல்லாத கான்கிரீட், மண்ணோடு சேர்ந்து கீழே இருக்கும் லயத்தின்மேல் விழும். 2009 நவம்பரில் குன்னூர், உதகைப் பக்கம் நடந்த நிலச்சரிவையும், 2024 ஜூலை 30 அன்று நம் மலைக்கு அந்தப் பக்கம் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நடந்ததையும் பார்த்த பிறகு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மேல் பக்கத்தில் பழைய வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது என்று சின்னம்மாவும் எழுதியிருக்கிறார். மழை நீர் மைதானத்துக்குள் இறங்காமல் அதைத் தூர்வாரித் திருப்பிவிடுவதும், சரிவில் வெட்டிவேர் நடுவதும் பையன்களே இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் செய்யக்கூடிய வேலை. ஓடைக்கு யானை இறங்கும் தடமும் அண்ணன் சுவர் எழுப்பச் சொல்லும் பக்கத்தில்தான் இருக்கிறது. சுவரில் பொறித்த பெயரைப் படித்துவிட்டு அது சுற்றிக்கொண்டு போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

வசூலிக்கும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் குவைத்திலிருந்து சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. டொராண்டோ அத்தானும் அவர் தம்பிகளும் கனடாக் குடிமக்கள் ஆகிவிட்டதால், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அவர்கள் தருவது வெளிநாட்டுப் பணம். பூர்வீகம் இந்தியா என்பதால் அது மாறாது. அந்தச் சட்டத்தில் நம் சங்கம் பதிவு பெறவில்லை. பெற்றாலும், 2020 திருத்தத்துக்குப் பின் பணம் முதலில் புது தில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தொடங்கும் கணக்குக்குத்தான் வர வேண்டும். ஆகவே "என் தம்பி கணக்கில் போட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற அண்ணனின் யோசனையை யாரும் ஏற்க வேண்டாம். தம்பியை நான் சந்தேகிக்கவில்லை. பிறகு விசாரணை வந்தால் ஊரில் இருந்து பதில் சொல்லப்போகிறவன் அவன்தான்.

வனத்துறையின் பதில் வரட்டும். போன போட்டியின் வரவு செலவு, ரசீதுகளோடு, இந்தக் குழுவில் போடப்படட்டும். வாய்க்காலுக்கான மண்வெட்டி, கடப்பாரைச் செலவை மாமா எழுதினால் அன்றைக்கே சங்கக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன். சுவருக்கு என் பங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
கீழ் லயம் கணக்கப்பிள்ளை வீட்டு இளையவன்,
குவைத்