சர்வர் பயிற்சி வகுப்பு: இன்னும் மண்டையைக் குடையும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மூணாவது ஷிப்ட்

எஃப்எஸ்டேப் லேப், அதாவது லினக்ஸ் எழும்பும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று எழுதி வைக்கும் ஃபைலில் பயிற்சி. வகுப்பு எடுப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். புது டிஸ்க்கில் பார்ட்டிஷன் போட்டு, அதன் யூயூஐடியை (அடையாள எண்ணை) அந்த ஃபைலில் எழுதி, ரீபூட்டுக்குப் பிறகும் மவுண்ட் ஆகி, அதாவது சிஸ்டத்தோடு இணைந்து, நிற்க வேண்டும். ரெட் ஹாட் நடத்தும் லினக்ஸ் அட்மின் தேர்வான ஆர்.எச்.சி.எஸ்.ஏ.விலும் அதே கணக்குதான், ரீபூட் தாண்டி எது நிற்கிறதோ அதற்குத்தான் மார்க். எழுதினது சரியா என்று ரீபூட்டுக்கு முன்பே ‘மவுண்ட் -ஏ’ போட்டுப் பார்க்க நான் வேண்டுமென்றே சொல்ல மாட்டேன். பாதிப் பேர் மெஷின் முழுதாக எழும்பாத எமர்ஜென்சி மோடில் போய் விழுவார்கள், ரூட் (முழு அதிகாரம் உள்ள கணக்கு) பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய்த் திருத்துவார்கள், அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது.

அந்த பேட்சில் ஒருத்தர், டெஸ்க்டாப் சப்போர்ட்டில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு சர்வர் பக்கம் வந்தவர். என்னைவிட மூத்தவர். எல்லாரும் ரீபூட் தட்டியாச்சு. இவர் மட்டும் கமாண்டை டைப் பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், சுண்டுவிரல் என்டர் கீயின் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. “என்ன சார் யோசனை?” என்றேன்.

“இது திரும்பி வரலைன்னா முதல்ல யாருக்கு போன் பண்ணணும்?”

பின்வரிசையில் சிரிப்பு. “அண்ணே, லேப்தானே, ஸ்னாப்ஷாட் இருக்கு, பழைய நிலைக்கே திரும்பிடலாம்” என்றான் ஒருத்தன். அவர் சிரிக்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை. சிலபஸைத் தலைகீழாகப் புரட்டினாலும் அவர் கேட்டதற்குப் பதில் கிடையாது. டிஸ்க்கைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் இருக்கிறது, நேரம் குறித்து வேலை ஓட்டும் கிரான் இருக்கிறது, கன்டெய்னர்கூட வந்துவிட்டது. யாருக்குச் சொல்வது, எந்த நேரத்தில் செய்வது, யாரிடம் அனுமதி வாங்குவது, ஒரு வரி இல்லை.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். கொட்டுங்கள்.

கருப்புத்திரை

எனக்கு மறுபக்க அனுபவம், நான் கற்றுக்கொள்ளப் போனவன். முதல் நாளே பயிற்சியாளர் எல்லாரையும் லினக்ஸின் கூடுதல் பாதுகாப்புக் காவலான எஸ்.இ.லினக்ஸை ஆஃப் பண்ணச் சொன்னார். “இது இருந்தா எதுவும் ஓடாது, தலைவலி.” பாடம் அவ்வளவுதான்.

வேலைக்குப் போன இடத்தில் அதைத் தொட்டாலே ஆடிட்டில் மாட்டும். அப்பாச்சி வெப் சர்வரை 8888 போர்ட்டுக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், சர்வீஸ் எழும்பவே இல்லை. லாகில் (சர்வர் எழுதும் பதிவில்) ‘பர்மிஷன் டினைடு’. நான் ரூட். ரூட்டுக்கு எவன் அனுமதி மறுப்பது? அந்த வரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபைல் பர்மிஷன், ஃபயர்வால், வேறு எவனாவது அந்த போர்ட்டைப் பிடித்திருக்கிறானா, எல்லாம் பார்த்தாச்சு. பக்கத்து சீட் மேடம் வந்து ஆடிட் லாகில் ‘ஏவிசி’, அதாவது எஸ்.இ.லினக்ஸ் மறுத்ததற்கான பதிவு, இருக்கிறதா என்று தேடினார். ஒரே வரி. அப்பாச்சிக்கு ஒதுக்கின போர்ட் பட்டியலில் 8888 இல்லை. ‘செமேனேஜ் போர்ட்’ கமாண்டில் சேர்த்ததும் எழுந்து நின்றது.

மேடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “இதை உங்களுக்கு கிளாஸ்ல சொல்லலையா?” சொன்னார்கள் மேடம், ஆஃப் பண்ணச் சொன்னார்கள்.

பழைய ரேக்

கருப்புத்திரை நண்பரே, உங்கள் பயிற்சியாளரை அப்படி ஒரேயடியாகக் குற்றம் சொல்ல முடியாது. எஸ்.இ.லினக்ஸைத் தடுக்க விடாத பெர்மிசிவ் மோடுக்கு மாற்றிப் பார்ப்பது முறையான சோதனைதான். மாற்றினதும் ஓடினால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும், லாகிலும் பதிவாகும். முதல் வாரத்தில் யூசர், குரூப், பர்மிஷனே புரியாதவர்களிடம், எஸ்.இ.லினக்ஸ் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒட்டும் கான்டெக்ஸ்ட் லேபிள் பற்றிப் பேசினால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள்.

சரி, என் கதை. டிஸ்க் ஃபுல் லேப். ஒரு சர்வீஸ் கண்டபடி லாக் எழுதுகிற மாதிரி வைத்திருப்பேன். ஒரு பெண், கெட்டிக்காரி, நேராகப் போய்ப் பெரிய லாக் ஃபைலைக் கண்டுபிடித்து ‘ஆர்எம்’ போட்டு அழித்துவிட்டாள். டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் ‘டிஎஃப்’ போட்டாள். 100 சதவீதம். ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் ‘டியூ’ போட்டாள், இடம் காலியாக இருப்பதாகக் காட்டுகிறது. மறுபடி ‘டிஎஃப்’. 100. என் பக்கம் திரும்பி, “சார், ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது” என்றாள்.

இரண்டுமே உண்மையைத்தான் சொல்கின்றன என்று நமக்குத் தெரியும். பெயர்தான் போனது. அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிற ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) விடுகிறவரை இடம் திரும்பாது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ போட்டால் ஆள் யார் என்று தெரியும், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். நான் உடனே சொல்லவில்லை. அவளே தேடட்டும் என்று விட்டேன். தேடினாள், கண்டுபிடித்தாள். ஆனால் சர்வரையே ரீபூட் அடித்துவிடலாம் என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு கோபம் வந்தது பாருங்கள். “அப்ப காரணம் தெரியாமப் போயிடுமே!” இந்தக் கோபத்தை எந்த சிலபஸில் வைப்பது?

பேக்கப் பிரியன்

பயிற்சி என்ற பேச்சு வந்தாலே எனக்கு ரீஸ்டோர்தான் ஞாபகம் வரும். ஒரு பேட்சில் எல்லாருக்கும் பேக்கப் லேபில் முழு மார்க். இப்போது டேட்டாவை அழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றதும் ஒருத்தன், “சார், அது வேற மாட்யூல்ல வரும்னு நினைச்சேன்” என்றான். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் இதைப் படிக்கிற புதியவர்களுக்குச் சிலது சொல்லியாக வேண்டும். மென்பொருள் கோடு சேமிக்கும் தளமான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை எல்லாரும் ஒருமுறையாவது படியுங்கள். ராத்திரி வேலையில், தவறான சர்வரில், டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார்கள். 300 ஜிபி அளவில் இருந்தது, நிறுத்துவதற்குள் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால், பேக்கப் எடுக்கும் ‘பிஜி டம்ப்’ கருவி பழைய 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6. இரண்டும் ஒத்துப்போகாததால் பேக்கப் ஓடவே இல்லை. ஓடவில்லை என்று சொல்லும் மின்னஞ்சலும் வந்து சேரவில்லை. யாரோ வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அவர்களே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து: பேக்கப் எடுத்தேன் என்று யாராவது சொன்னால் எப்போது ரீஸ்டோர் செய்து பார்த்தாய் என்று கேளுங்கள். டேட்டாவைப் பல டிஸ்க்கில் சேர்த்து வைக்கும் ரெய்டு என்பது பேக்கப் ஆகாது, அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். புரொடக்‌ஷன் சர்வரின் ப்ராம்ப்ட்டை (கமாண்ட் டைப் பண்ணும் வரியின் தொடக்கத்தை) சிவப்பாக மாற்றி வையுங்கள். டெபியன் லினக்ஸில் ‘மாலி-கார்ட்’ என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது, தொலைவிலிருந்து உள்ளே போகும் எஸ்எஸ்எச் வழியாக ரீபூட் கொடுத்தால் முதலில் ஹோஸ்ட் பெயரை டைப் பண்ணச் சொல்லும். அதைப் போடுங்கள். உபுண்டுவில் ஐபி மாற்றும்போது ‘நெட்பிளான் டிரை’ போடுங்கள், நீங்கள் என்டர் தட்டி உறுதி செய்யாவிட்டால் 120 விநாடியில் பழையபடி மாறிவிடும். சர்வர் படுத்தாலும் தொலைவிலிருந்து உள்ளே போக உதவும் ஐடிராக், ஐலோ மாதிரி தனி கன்சோல் வழி இருக்கிறதா என்று பிரச்சினை வருவதற்கு முன்பே பாருங்கள். அந்த வழியும் அதே நெட்வொர்க்கில் தொங்கினால் பிரயோஜனமில்லை. சர்டிஃபிகேட் காலாவதித் தேதியைக் கண்காணிப்பில் சேருங்கள். இன்னொன்று, லேப் மெஷினில் ஸ்னாப்ஷாட்டே கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி. வலை கட்டி வைத்துக்கொண்டு கயிற்றில் நடந்தால் கால் நடுங்காது.

ஓரத்து சீட்

பேக்கப் பிரியன் சார், யாரும் உங்களிடம் ஆலோசனை கேட்கவில்லையே? சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் உங்கள் சொந்தக் கதை மூணு வரிகூட வரவில்லை.

என்னுடையது 2024 ஜூலை 19. எந்த நாள் என்று எல்லாருக்கும் தெரியும், கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் அந்தப் பழுதான செக்யூரிட்டி அப்டேட். உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத்திரையில் விழுந்தது. எங்கள் குழுவில் எல்லாரும் பவர்ஷெல் புலிகள், ஒரே கமாண்டில் ஆயிரம் மெஷினைத் தொடுவார்கள். அன்றைக்கு ஒன்றையும் தொட முடியவில்லை. ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஆள் நின்று, சேஃப் மோடில் போய், 291 என்று வரும் அந்த ஃபைலை அழிக்க வேண்டும். சேஃப் மோடில் போக, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீ வேண்டும். கீ இருப்பது நிறுவனத்தின் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில். அதை ஓட்டும் டொமைன் கன்ட்ரோலர் சர்வரும் நீலத்திரை.

பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பையன். யாரும் அவனை எந்த வேலையிலும் சேர்த்துக்கொண்டதில்லை. வந்த புதிதில், பழகிக்கொள்வதற்காக, டொமைன் கன்ட்ரோலர்களின் கீயைப் பிரிண்ட் எடுத்து லாக்கரில் வைக்கலாமா என்று கேட்டு, மேலாளர் போனால் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் காகிதம்தான் வெளியே வந்தது. 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. அவன் போனில் படிக்கிறான், சர்வர் அறையில் சீனியர் டைப் பண்ணுகிறார். “நாலு, ஏழு, ஏழு…” “ஏழு எத்தனை தடவை?” “ரெண்டு சார்.” அந்தக் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. சுற்றி நின்ற எங்களுக்குத்தான் வியர்த்தது.

கருப்புத்திரை

பழைய ரேக் சார், பெர்மிசிவ் வேறு, டிசேபிள் வேறு. எங்களைக் கான்ஃபிக் ஃபைலிலேயே டிசேபிள் போட வைத்தார். அதில் லாகும் வராது. அப்புறம் திரும்ப ஆன் பண்ணினால் ஃபைல் சிஸ்டம் முழுக்க மறுபடி லேபிள் போட வேண்டும். அதையும் சொல்லித்தரவில்லை. என் ஆதங்கம் அதுதான்.

பழைய ரேக்

டிசேபிள் என்றால் நான் உங்கள் கட்சி. முதலிலேயே அப்படிச் சொல்லியிருக்கலாம்.

கதவோரம்

ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நான் டிரெய்னி, சீனியர் லினக்ஸ் ஃபயர்வாலான ஃபயர்வால்டில் மாற்றம் செய்துகாட்டினார். லேப் இல்லை, நிஜ சர்வர், வெளியூர் டேட்டா சென்டர். நானும் அதே சர்வரில் எஸ்எஸ்எச் திறந்து லாக் பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்வொர்க் இன்டர்ஃபேஸை விதிகள் வேறான இன்னொரு ஜோனுக்கு மாற்றி, மாற்றம் நிலைக்க ‘பெர்மனன்ட்’ சேர்த்து, ரீலோட் அடித்தார். “பாரு, கட் ஆகலை. அவ்வளவுதான்” என்று தன் விண்டோவை மூடிவிட்டார்.

ரீலோட் செய்தாலும் ஏற்கனவே இருக்கிற இணைப்பு அறுபடாது என்பது உங்களுக்குத் தெரியும். புது இணைப்புக்குத்தான் கதவு சாத்தப்படும். அவர் மறுபடி உள்ளே போக முயற்சி செய்தார், டைம் அவுட். இன்னொரு முறை, டைம் அவுட். கன்சோல் பாஸ்வேர்டு வைத்திருந்தவர் லீவில். சீனியர் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தபோது என் திரையில் லாக் ஓடிக்கொண்டே இருந்தது. “சார், இதுல இன்னும் வருது” என்றேன். நாற்காலியோடு உருண்டு வந்தார். மவுஸைத் தொடாதே என்றார். எஸ்எஸ்எச் சர்வீஸை அந்த ஜோனில் சேர்த்து, ரீலோட் அடித்து, இன்னொரு மெஷினிலிருந்து உள்ளே வந்து பார்த்தபிறகுதான் மூச்சு விட்டார்.

பிறகு மீட்டிங்கில் “மாற்றம் செய்யும்போது இன்னொரு செஷன் திறந்து வைத்திருக்கும் நடைமுறை பின்பற்றப்பட்டது” என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு நடைமுறை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மூணாவது ஷிப்ட்

அந்த ரிப்போர்ட் எழுதினவருக்கு என் வகுப்பில் ஒரு சீட் வைக்கிறேன், வாத்தியாராக. ஓரத்து சீட் மேடம், அந்தப் பையனை நிரந்தரமாக எடுத்தார்களா?

ஓரத்து சீட்

எடுத்தார்கள். இப்போது லாக்கர் சாவி அவனிடம்தான்.