பட்டுப்புடவை நிறம் பிரிண்ட்டில் மாறுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். காட்பாடியில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் எடுத்த கல்யாணப் படங்கள். திரையில் பளிச்சென்று இருந்த அரக்குப் பட்டு, பிரிண்ட் போடும் லேபிலிருந்து வந்த ஆல்பத்தில் ஏறக்குறைய கறுப்பு. "இது எங்க புடவையே இல்லையே தம்பி" என்றுவிட்டார் பெண்ணின் அம்மா.

திரை வெளிச்சத்தை முழுசாக வைத்து வேலை செய்தது என் தப்புதான். இப்போது அதைப் பாதியாகக் குறைத்து, வெள்ளைப் புள்ளியை (திரையில் வெள்ளை எந்தச் சாயலில் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) 6500 கெல்வினில் வைத்துவிட்டேன். இருட்டு சரியாகிவிட்டது, ஆனால் சிவப்பு இன்னும் செங்கல் நிறத்துக்கு ஓடுகிறது. கோப்புகளை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரையறையில்தான் அனுப்புகிறேன். லேபில் ஐசிசி ப்ரொஃபைல் (அவர்கள் பிரிண்டரில் நிறங்கள் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டால், "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்" என்கிறார்கள். எதைப் பார்த்தார்களோ!

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் யாரிடமாவது திரை காலிப்ரேட்டர் (திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவி) இருந்தால் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்குமா? ப்ரொஃபைல் தரும் லேப் தெரிந்தாலும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டும், செலவு என் தலையில்.